கால் வேலியும் கல்வியும்

குடத்தில் பெயர் ஓலைகளை இட்டுக் குலுக்கி ஆளெடுக்கும் குடவோலை என்றாலே உத்திரமேரூர்தான் நினைவுக்கு வரும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இந்த ஊரைச் சொன்னார். பேச்செல்லாம் குடத்தைச் சுற்றியே நின்றுவிடுகிறது. குடத்துக்குள் யார் பெயர் விழலாம் என்பதே அதைவிட முக்கியம். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த இரு கல்வெட்டுகளும் அதைத்தான் விலாவாரியாகப் பேசுகின்றன. நிலக்காரர், ஓதுவிப்பவர், ஊராள்பவர் என்ற மூன்று வேடங்களையும் ஒரே ஆள் தாங்க வேண்டும் என்று அந்த ஊர்ச் சபை எதிர்பார்த்தது. அதன் பலமும் பலவீனமும் இந்தப் பிணைப்பில்தான் இருக்கின்றன.

921ஆம் ஆண்டு விதிப்படி வேட்பாளருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் நடுவே. வேதம் கற்றிருந்தால் மட்டும் போதாது, பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிய வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூலும்) கைவந்தவருக்கு அரைக்கால் வேலியே போதும். படிப்புக்காக நிலத்தில் பாதியைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் முழுவதையும் தள்ளவில்லை. எவ்வளவு பெரிய பண்டிதரானாலும் காணி இல்லாவிட்டால் பெயர் ஓலையில் ஏறாது. தெற்கே மானூரில் இதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே சபையினருக்கு நிலப் பங்கோடு தரும நூலறிவும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இது ஓர் ஊரின் தனி விசித்திரமல்ல. அந்தணருக்குத் தானமாக விட்ட ஊரான பிரமதேயத்தில் கல்வியே நிலத்தை நம்பித்தான் நின்றது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் இருந்த கல்லூரியில் 340 மாணவர். அவர்களில் ரூபாவதாரம் என்ற வடமொழி இலக்கணம் பயின்றவர் மட்டும் 40 பேர். அத்தனை பேருக்கும் சோறு போட்டது 45 வேலி நிலம்.

அப்படியானால் இது நிலமுள்ள அந்தண ஆண்களின் கூட்டுதானே என்று கேட்கலாம். ஆம், அதில் மழுப்ப ஒன்றுமில்லை. பெண்களுக்கும், அந்த நிலங்களில் உழுதவர்களுக்கும் அங்கே இடமில்லை. ஊர் தன்னிச்சையாக இயங்கியதென்பதும் முழு உண்மையல்ல. இரு தடவையும் அரசனின் அதிகாரி உடனிருந்தே விதி வகுக்கப்பட்டது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு இரண்டே ஆண்டில் மாறியிருக்கிறது என்றால், முதல் விதி கைகொடுக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் வெறும் சொத்துக்காரர் கூட்டமென்றால் வெளியாரைத் தடுப்பதோடு நின்றிருக்கும். இங்கே கடுமையான விதிகளெல்லாம் உள்ளே இருப்பவர்மேல்தான் பாய்கின்றன. ஊர்ப் பணி பார்க்கும் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய பிள்ளை, சகோதரர், மாமனார், மருமகன் என்று உறவு வட்டமே விலக்கப்பட்டது. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் பொய் ஆவணம் எழுதியவருக்கும் இடமில்லை. நிலத்தின் மதிப்பே ஓலையில் இருந்த ஊரில் கள்ள ஓலைக்கு இத்தனை பயம் இருந்ததில் வியப்பில்லை. மூன்றாண்டுக்குள் பதவியில் இருந்தவருக்கும் வாய்ப்பில்லை.

குலுக்கலும் இதே சந்தேகத்தில் பிறந்ததுதான். ஊர்ப் பிரிவுகளான 30 குடும்புகளின் ஓலைக் கட்டுகளும் குடத்தில் விழும். கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். ஒன்றுமறியாச் சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். அவன் வாசித்ததை நம்பிமாரும் வாசிக்க வேண்டும். இதைத் தெய்வ சித்தத்துக்கு விட்ட சடங்கென்று சொல்பவர்கள் அந்த விரித்த விரல்களைக் கவனிப்பதில்லை. தெய்வத்தை நம்பினாலும் மத்தியஸ்தனின் கையை அவர்கள் நம்பவில்லை. பெயர் வந்த 30 பேரிலும், முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர், கல்வியில் மூத்தவர், வயதில் மூத்தவர் என்று பார்த்து 12 பேரை ஆண்டு வாரியத்துக்கு எடுத்தார்கள். 12 பேர் தோட்டத்துக்கு, மிஞ்சிய 6 பேர் ஏரிக்கு.