நிலத்தைவிட உயரத்தில் ஓடும் உப்பங்கழி

கலிபோர்னியாவில் சான் ஹோசே பெருநகரின் வடக்கு ஓரத்தில் அல்விசோ என்னும் சிறிய ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓர் உப்பங்கழி நெளிந்து சென்று, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் கலக்கிறது. இங்கே கயாக்கில் செல்வோர் பலர். வடதுருவப் பகுதியின் இனுவிட் மக்கள் சீல் தோலால் கட்டிய ஒடுங்கிய படகின் வழிவந்தது கயாக். இருமுனைத் துடுப்பால் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போனால், இருபுறமும் கோரைப்புல்லும் கொக்குகளும்தான். கணிப்பொறித் தொழிலுக்குப் பெயர்போன நகரம் அருகிலிருப்பதே மறந்துபோகும்.

நினைத்த நேரத்தில் படகை இறக்கிவிட முடியாது. கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வடிகிறது. விரிகுடாவின் மூடிய தென்முனையில் இந்த ஏற்ற இறக்கம் கடல்வாயிலில் உள்ளதைவிடப் பெரிது, 2.5 மீட்டரையும் தாண்டும். வடியும் நீரோடு போய், ஏறும் நீரோடு திரும்புவதே புத்திசாலித்தனம். நேரம் தவறினால் சேற்றில் காத்திருக்க வேண்டியதுதான்!

நீராவிக் கப்பல்களும் ஒருகாலத்தில் இதே கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டன. 1849இல் தங்க வேட்டை சூடுபிடித்தபோது அல்விசோ ஒரு துறைமுகம். பள்ளத்தாக்கின் விளைபொருள்களோடு, நியூ அல்மடன் சுரங்கத்தின் பாதரசமும் இரும்புக் குடுவைகளில் இவ்வழியே சென்றது. தங்கத்துகளைக் கரைத்துப் பிரித்தெடுக்கப் பாதரசம் வேண்டுமல்லவா? 1853இல் இங்கிருந்து புறப்பட்ட ஜென்னி லிண்ட் கப்பலின் கொதிகலன் வெடித்து 30 பேருக்கு மேல் மாண்டனர். 1864இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு இரயில் பாதை வந்ததும் துறைமுகம் ஓய்ந்தது.

நீர் முழுதாக ஏறியிருக்கும்போது கரையணைக்கு அப்பால் பாருங்கள். ஊர்த் தரை உங்கள் படகைவிடத் தாழ்வாக இருக்கும்! இது இயற்கையின் வேலையன்று. பழத்தோட்டங்களுக்கும் பின்னர் நகருக்குமாகப் பள்ளத்தாக்கெங்கும் ஆழ்கிணறுகள் தோண்டி நீர் இறைத்தார்கள். களிமண் அடுக்குகளின் நுண்துளைகளைத் தாங்கி நின்றது அந்த நீர்தான். அது போனதும் மண் நசுங்கியது. சான் ஹோசேயின் மையப்பகுதி ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. விரிகுடாவை ஒட்டிச் சுமார் 44 சதுர கிலோமீட்டர் நிலம் உயர்நீர் மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. வெளியிலிருந்து நீர் கொண்டுவந்து நிலத்தடியையும் நிரப்பியபின், 1969 வாக்கில் தாழ்வது நின்றது. கிணறுகளில் நீர்மட்டம் மீண்டும் ஏறியது. நசுங்கிய களிமண்ணோ மீளவில்லை. 1983இல் கயோட்டி ஓடை கரை மீறி அல்விசோவை மூழ்கடித்தபோது, வெள்ளம் தானாக வடிய வழியில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

கழியின் இருமருங்கும் இருந்த சதுப்பு நிலங்களை இருபதாம் நூற்றாண்டில் உப்பளங்களாக்கினார்கள். அவையும் சேர்ந்து தாழ்ந்தன. விரிகுடாவில் சுமார் 6,100 ஹெக்டேர் உப்பளங்களை 2003இல் அரசு வாங்கி, அவற்றில் பெரும்பகுதியைச் சதுப்பாக மாற்றத் திட்டமிட்டது. வேலை எளிது போலத் தோன்றும்: கரையை உடைத்துவிட்டால், ஏறிவரும் நீர் வண்டலைக் கொட்டும், பள்ளம் மேடாகிச் செடி முளைக்கும். 2010இல் ஒரு பாத்தியின் கரையை உடைத்தார்கள். வண்டல் விரைவாகவே படிந்தது.

பழைய சுரங்கம் இங்கேதான் குறுக்கிட்டது. 1976இல் மூடப்பட்ட நியூ அல்மடனின் கழிவுகளைக் குவாடலூப் ஆறு நூறாண்டுக்கும் மேலாகச் சுமந்துவந்து கழியின் சேற்றில் சேர்த்திருந்தது. கரையை உடைத்தால் கழியில் பாயும் நீர் மிகும், வேகம் கூடும், அடிச்சேறு கலங்கும். காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அந்த நஞ்சு சிறுமீன், பெருமீன், பறவை என ஏற ஏறச் செறிகிறது. எனவே ஏ8 என்னும் பாத்தியின் கரையை உடைக்காமல், 8 மதகுக் கதவுகளை வைத்தார்கள். 2011இல் ஒன்றை மட்டும் திறந்தார்கள். மீன்களிலும் பறவை முட்டைகளிலும் பாதரசத்தை அளந்து பார்த்தபடி, மற்றவற்றைப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் திறந்தார்கள். அந்த மதகுகளின் அருகே நீர் இழுத்துச் செல்லும். கயாக்கில் போகிறவர்கள் எதிர்க்கரையோரமாக ஒதுங்கித்தான் கடக்க வேண்டும்.