பனிச்சரிவும் பட்டறிவின் எல்லையும்

2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா இரண்டாம் சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன. இறந்தவர்களுள் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மகாலுவையும் அடுத்தடுத்து ஏறியிருந்தார். அவ்விபத்துக்கு யார் பொறுப்பு என்பது இங்கே பேச்சன்று. ‘இவ்வளவு அனுபவம் இருந்துமா?’ என்று இத்தகைய செய்திகளைக் கேட்டதும் எழும் வியப்பைத்தான் இக்கட்டுரை கேள்விக்குள்ளாக்குகிறது. பனியைப் பொறுத்தவரை பட்டறிவு நம்பத்தக்க ஆசான் அன்று.

ஆளைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவை பலகைச் சரிவுகள். காற்று குவித்து இறுக்கிய பனி மேலே பலகைபோல் கிடக்கும். அடியில் நலிந்த ஓர் அடுக்கு. நடப்பவரின் எடை அவ்வடுக்கில் ஒரு விரிசலைத் தொடங்கிவைத்தால் போதும், அது கணத்தில் பரவிப் பலகை முழுவதும் கழன்று இறங்கும். 30 முதல் 45 பாகை சாய்வே இதற்கு வாகானது. பனிச்சறுக்கில் திளைப்போர் தேடிச் செல்வதும் அதே சாய்வைத்தான்.

கனத்த பனிதான் ஆபத்து என்பது பொதுவான எண்ணம். ஆனால் குளிர்ந்து வறண்ட உயர்நிலங்களில் மெல்லிய பனிப்போர்வையே பெரிதும் ஏமாற்றும். தரையையொட்டிய பனி ஒப்பளவில் வெதுவெதுப்பாக இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் உறைந்திருக்கும். போர்வை மெலிய மெலிய இந்த வேறுபாடு குறைந்த தடிமனுக்குள் நெருங்குகிறது. அது மீட்டருக்கு 10 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, நீராவி மேல்நோக்கி நகர்ந்து பனித்துகள்களைப் பட்டை தீட்டினாற்போன்ற, ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக்குகிறது. அள்ளினால் சீனிபோல் உதிரும். இவை வாரக்கணக்கில் புதைந்து கிடக்கலாம். மேலே நடப்பவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

நூறு பேர் கடந்தால் ஒருவரைக் கொல்லும் சரிவு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 99 பேர் திரும்பிவந்து தம் கணிப்பு சரியென்றே சொல்வார்கள். தப்பான விடைக்கும் முழு மதிப்பெண் போடும் வாத்தியார் அந்தச் சரிவு. அமெரிக்க விபத்துகளை ஆராய்ந்து இயன் மக்கேமன் 2004இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே: பழகிய இடங்களில் மேற்பயிற்சி பெற்றோரும் பயிற்சி குறைந்தோருக்கு நிகரான ஆபத்தில் இறங்கியிருந்தனர்.

பட்டறிவு வேண்டாம் என்பதன்று வாதம். கயிறு கட்டவும், புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுக்கவும் அது இன்றியமையாதது. சரிவில் இறங்கலாமா என்ற முடிவை மட்டும் அதனிடம் விடலாகாது. ஐரோப்பாவில் 1993 முதல் வழங்கும் ஐந்து படி எச்சரிக்கை அளவுகோலில் மலையேறிகளின் உயிரிழப்பு குவிவது ஐந்தாம் படியில் அன்று, மூன்றில். ஐந்தில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மூன்றில் அவரவர் கணிப்பை நம்பிக் கிளம்புகிறார்கள். சுவிஸ் மலைவழிகாட்டி வெர்னர் முண்டர் வகுத்த எளிய விதியே இதற்குத் தக்க மாற்று: இரண்டாம் படியில் 40 பாகைக்குக் கீழ், மூன்றில் 35க்குக் கீழ், நான்கில் 30க்குக் கீழ். ஏறுபவர் யார், எத்தனை சிகரம் கண்டவர் என்று அவ்விதி கேட்பதில்லை.