பார்க்காத ஆற்றின் பாட்டு
பம்பாய்த் தமிழர் கதை – 23

பாண்டுப்பில் ரயில் ஏறினால் காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிகார், குர்லா. அடுத்தது சயான். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சண்முகானந்தா அரங்கம். பாண்டுப் ஆலைகளில் வேலை பார்த்த இசைப் பிரியர்களுக்குக் கச்சேரிக்குப் போகும் வழி இதுதான். 1952இல் தொடங்கிய சபை 1963இல் தனக்கென்று அரங்கம் எழுப்பிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அன்று அது மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மண்டபம். தம்புராவும் மிருதங்கமும் ஒலிப்பதற்காகத் தமிழர்கள் காசு சேர்த்துக் கட்டிய மேடை.

அதே மேடையில் எலக்ட்ரிக் கிதாரும் ஒலித்தது. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் சிகரெட் பெயரில் நடத்திய 'சிம்லா பீட்' போட்டிக்கு மதராஸ், பெங்களூர், கல்கத்தா, ஷில்லாங் என்று பல ஊர்களிலிருந்து இளைஞர் குழுக்கள் பம்பாய் வந்தன. அவர்கள் மோதிக்கொண்ட களம் சண்முகானந்தா. 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுப் போட்டிகளின் பாடல்கள் இசைத்தட்டாகவும் வந்தன. சொந்தமாகக் கட்டிய பாட்டுகளும் உண்டு, மேல்நாட்டுக் குழுக்களின் பாட்டுகளும் உண்டு.

அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. வெளிநாட்டுக் கிதார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். கல்கத்தாவில் செய்த கிதார், ரேடியோ மெக்கானிக் கட்டிக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர், இவைதான் கைமுதல். இலங்கை வானொலியில் பாட்டு வரும்போது பென்சிலும் காகிதமுமாகக் காத்திருப்பார்கள். ஒருமுறை கேட்டதில் பாதி வரிதான் பிடிபடும். மீதிக்கு அது மறுபடி ஒலிபரப்பாகும் நாள் வரை பொறுக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து வந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையைத் தேடிப் பிடித்து வாங்கியவர்களும் உண்டு.

அந்நாளில் அவர்கள் காதுக்கு வந்து சேர்ந்த அமெரிக்கக் குழுக்களில் க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலுக்குத் தனி இடம் உண்டு. நாட்டுப்புறத்து இசையையும் ராக் இசையையும் ஒன்றாகப் பிசைந்தவர்கள். 1969ஆம் ஆண்டில் மட்டும் மூன்று ஆல்பங்கள். நாலைந்து கார்டு பழகியவர் வாசித்துவிடலாம், ஆனால் குழுவின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியின் கரகரத்த குரல்போல் பாடுவது எளிதல்ல. 'ப்ரவுட் மேரி' மிசிசிப்பி ஆற்றில் போகும் படகின் பாட்டு. 'பார்ன் ஆன் தி பாயூ' லூசியானாச் சதுப்பு நிலத்தில் பிறந்தவனின் பாட்டு. 1971இல் வந்த 'ஹேவ் யூ எவர் சீன் தி ரெயின்' வெயிலோடு பெய்யும் மழையைப் பற்றியது. நம் ஊரில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று பிள்ளைகள் கைதட்டும் மழை. ஃபோகர்ட்டிக்கோ அது துக்கத்தின் மழை. புகழ் உச்சியில் இருக்கும்போதே குழு உடைந்துகொண்டிருந்தது. அண்ணன் டாம் அந்த ஆண்டுதான் விலகினார்.

இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள், பாடுகிறவர் லூசியானாவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று நம்பினார்கள். அவர் பிறந்து வளர்ந்ததோ ஏறத்தாழ இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், கலிஃபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய பகுதியில். சிறு வயதில் கேட்ட இசைத்தட்டுகளிலிருந்தே அந்தச் சதுப்பு நிலத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டார்.

இதைப் படித்தபோது எனக்குத் தாராவி நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாமிரபரணி என்பது தாத்தா சொல்லிக் கேட்ட ஆறு. பலர் அதில் கால் நனைத்ததுகூட இல்லை. ஆனாலும் ஊர் எது என்று கேட்டால் அந்த ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

இப்போது பைகுல்லாவுக்கு வருவோம். அங்கே காவல்துறைக் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். தந்தை போலீஸ் அதிகாரி. 1947இல் பிறந்த மகள் உஷாவுக்குக் கனத்த குரல். பள்ளியின் பாட்டு வகுப்புக்கு அது ஒத்துவராது என்று ஒதுக்கப்பட்டவள் அந்தச் சிறுமி. அவள் குரலுக்கு இடம் கொடுத்தது இலங்கை வானொலி. அமீன் சயானி வழியாக 'ஓவல்டின்' இசை நிகழ்ச்சியில் பாடக் கிடைத்தது. பாடியது 'மாக்கிங்பேர்டு ஹில்' என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாங்குப் பாட்டு.

வளர்ந்து உஷா ஐயராக அவர் முதலில் கொடுத்த இசைத்தட்டுகளில் 'ஜாம்பலாயா'வும் ஒன்று. அதை 1952இல் பாடிப் புகழ்பெறச் செய்தவர் ஹாங்க் வில்லியம்ஸ். லூசியானாவின் சாப்பாடும் கொண்டாட்டமும் நிறைந்த பாட்டு. ஆனால் ஹாங்க் அலபாமாக்காரர். தன் குழு கலைந்தபின் ஃபோகர்ட்டி எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து 1973இல் வெளியிட்ட ஆல்பத்திலும் 'ஜாம்பலாயா' இருந்தது. அலபாமாக்காரர், கலிஃபோர்னியாக்காரர், பைகுல்லாத் தமிழ்ப்பெண். மூவருக்கும் சொந்தமில்லாத ஒரு நிலத்தை மூவரும் சொந்தக் குரலில் பாடினார்கள்.

1969இல் மதராஸ் மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் உஷா பாடினார். இரவு விடுதிப் பாடகி என்றாலே கவுன் என்றிருந்த நாளில் அவர் உடுத்தியிருந்தது புடவை. பிறகு கல்கத்தாவின் 'ட்ரிங்காஸ்', திருமணத்துக்குப்பின் உஷா உதுப் என்ற பெயர், 1990இல் இளையராஜா இசையில் 'அஞ்சலி', 2024இல் பத்மபூஷண். புடவையை மட்டும் அவர் மாற்றவே இல்லை.

1976 டிசம்பரில் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஆல்பம் வந்தது. கிதார் கையில் எடுத்த பம்பாய்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்தத் தலைப்புப் பாட்டின் முடிவில் வரும் இரட்டைக் கிதாரை விரல் வலிக்கப் பழகியிருக்கிறார்கள். அந்த ஆல்பத்தில் வாசித்த ஐவரில் ஒருவர்கூடக் கலிஃபோர்னியாவில் பிறந்தவர் இல்லை. டான் ஹென்லி டெக்ஸஸ், கிளென் ஃப்ரே டெட்ராய்ட், டான் ஃபெல்டர் ஃபுளோரிடா, ஜோ வால்ஷ் கான்சஸ், ராண்டி மெய்ஸ்னர் நெப்ராஸ்கா. பிழைப்பும் பேரும் தேடி லாஸ் ஏஞ்சலிஸ் வந்த வெளியூர்க்காரர்கள், தாங்கள் வந்து சேர்ந்த ஊரின் மினுக்கையும் அது ஆளை விழுங்குவதையும் பாடினார்கள். வந்தேறிகளின் நகரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பம்பாய்த் தமிழர் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் சபா, கோயில், பள்ளி, சங்கம் என்றே பட்டியல் நீள்கிறது. எல்லாம் சரிதான், எழுதத்தான் வேண்டும். ஆனால் பைகுல்லாவில் 'மாக்கிங்பேர்டு ஹில்' பாடிய சிறுமியும், சண்முகானந்தா மேடையில் அதிர்ந்த கிதாரும் நம் வரலாறுதான். சபை கட்டிய பெரியவர்கள் மனத்தில் காவிரிக்கரை இருந்தது. கிதார் மீட்டிய பிள்ளைகள் மனத்தில் மிசிசிப்பி இருந்தது. இரண்டு கூட்டமும் தன் கண்ணெதிரில் இல்லாத ஓர் ஆற்றை அதே மேடைக்குத்தான் கொண்டுவந்தது.

1990இல் அந்த அரங்கம் தீக்கிரையாகி, 1998இல் மறுபடி எழுந்தது. பழைய மேடை போய்விட்டது. சிம்லா பீட் இசைத்தட்டுகள் மட்டும் இருக்கின்றன. அவற்றைப் பின்னாளில் தேடி மறுபதிப்புச் செய்தவர்கள் வெளிநாட்டார். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ பாண்டுப்பிலோ உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு தட்டு கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி, உறையில் இட்டு, நிமிர்த்தி வையுங்கள்.

அடுத்த வாரம்: 2018இல் 'காலா' படத்துக்குள் நுழைந்த தாராவி ராப்.

(தொடரும்)