ஆதி அன்பு

ஆதி அன்பு என்பது கிறிஸ்தவ வாழ்வின் தொடக்கத்தில் ஒருவர் கடவுள்மேல் வைத்திருந்த முதல் பற்று. தமிழ்ச் சபைகளில் இந்தச் சொல் பெரும்பாலும் அந்தப் பற்று மங்கிய பிறகே காதில் விழும்: ‘ஆதி அன்பு தணிந்துபோச்சு’ என்பார்கள். வெளிப்படுத்தல் நூலின் 2ஆம் அதிகாரம் இதற்கு மூலம். எபேசு சபையின் உழைப்பையும் பொறுமையையும் பாராட்டிவிட்டு, முதலில் இருந்த அன்பு போய்விட்டதே என்று அது வருந்துகிறது. விழுந்த இடத்தை நினைத்துப் பார், மனந்திரும்பு, ஆரம்பத்தில் செய்ததை மறுபடி செய் என்று வழியும் காட்டுகிறது. பிரசங்கங்களில் முதல் இரண்டுக்கும் கிடைக்கும் நேரம் மூன்றாவதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய உருக்கம் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பழைய வேலையைக் கையில் எடுத்தால் போதும்.

இந்தத் தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. விடியற்கால ஜெபம் ஐந்து நிமிடமாகச் சுருங்கும். வேதாகமம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார், 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் இதை வறட்சியாகக் கண்டு மூன்று காரணம் சொல்கிறார்: நம் சோம்பல், கடவுள் நம்மைச் சோதித்துப் பார்ப்பது, பக்தி நம் சம்பாத்தியம் அல்ல, அருள்தான் என்று நாம் கற்றுக்கொள்வது. வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக் கூடாது என்பது அவருடைய விதி. அவர் சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நோபிலி 1623இல் மதுரையை விட்டுப் புறப்பட்டு சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். அந்தப் பக்கத்து ஊரான ராசிபுரத்தைச் சுற்றிய சமவெளிக்கு இந்த மரபு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

கத்தோலிக்கர் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, தியானம் என்று திரும்பிவருகிறார்கள். போன வருடக் குருத்து ஞாயிறன்று வாங்கிய ஓலை, வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகியபடியே பழுத்துக் காய்ந்திருக்கும். அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசப்படுகிறது. சீர்திருத்தச் சபைகளில் உபவாச ஜெபமும் எழுப்புதல் கூட்டமும் உண்டு. ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் நடத்திய உடன்படிக்கை ஆராதனை, வருடப்பிறப்பை ஒட்டித் தன்னை மறுபடி கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கமாக மெத்தடிஸ்ட் மரபில் வேரூன்றியது.

தமிழ்நாட்டில் இப்படி ஆதி அன்புக்குத் திரும்பியதற்குப் பெயர்பெற்ற நிகழ்வு 1860ஆம் ஆண்டு திருநெல்வேலி எழுப்புதல். அதன் நடுவில் இருந்தவர் ஜான் கிறிஸ்தியன் அருளப்பன் (1810–1867). மிஷன் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்த அவர், கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பையும் உருவாக்கியிருந்தார். பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள் கூட்டத்தின் நடுவே பாவத்தை அறிக்கையிட்டு அழுதார்கள்.

ராசிபுரம் வட்டாரத்துக்கு நெருக்கமான சான்று கிழக்கே தெரியும் கொல்லிமலையில் இருக்கிறது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸி பிராண்ட், ஈவ்லின் இருவரும் 1913இல் மணமுடித்து அங்கே குடியேறினார்கள். ஜெஸி பல் பிடுங்குவார், தச்சுவேலை செய்வார், நரம்புச்சிலந்திப் புழுவைக் காலிலிருந்து எடுப்பார், அந்த நோய் பரவாதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொல்வார். பல ஆண்டுகள் அவர்கள் வார்த்தையை யாரும் ஏற்கவில்லை. முதல் உலகப் போரின் முடிவில் இன்ஃப்ளூயன்ஸா மலையில் பரவியபோது, கஞ்சி காய்ச்சி வீடு வீடாக ஊட்டியவர்கள் இவர்கள்தான். சாகும் தறுவாயில் கோயில் பூசாரி ஒருவரே தம் குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்தார்.

1929 ஜூனில் ஜெஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் நொறுங்கிப்போனார். பிறகு தாய்நாடு போய் இந்தியா திரும்பினாலும் மிஷன் அவரைச் சமவெளியிலேயே வேலைக்கு வைத்தது. அவர் மனம் மலையில் இருந்தது, கணவரோடு சேர்ந்து செய்த பழைய பிரதிக்கினையில் இருந்தது. எழுபதை நெருங்கும் வயதில் மிஷனிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு மலை ஏறினார்! அங்கே ஒரு சிறு வீடு, ஒரு மட்டக்குதிரை. விழுந்து எலும்பு முறிந்த பின்பும், இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றியபடி ஊர் ஊராகப் போனார். முதலில் செய்த அதே வேலைகள்தான்: மருந்து கொடுப்பது, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, ஜெபிப்பது. கடைசி 20 ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை என்று மகன் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த மருத்துவர் அவர், பிறந்தது 1914இல், இந்தப் பிராண்ட் தம்பதியின் கொல்லிமலை நாட்களில்.

ஈவ்லின் 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். மலைமேல், ஜெஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.