காத்தாடிக்குக் காசா, கரண்டுக்குக் காசா? கயத்தாறு சொல்லும் கதை

கயத்தாறுன்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஒரு தேதி ஞாபகம் வரும்: 1799 அக்டோபர் 16, வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள். மதுரையிலிருந்து திருநெல்வேலி போற நெடுஞ்சாலையில, கோவில்பட்டியைத் தாண்டினா அவரோட நினைவிடம் வரும். ஆனா பஸ் ஜன்னல் வழியா பார்க்கிறவங்க கண்ணுல முதல்ல படுறது, கரிசல் காட்டுக்கு நடுவுல வரிசையா நிக்கிற காற்றாலைகள்தான். ஊர்க்காரங்க பேச்சுல அது 'காத்தாடி'. இந்த எபிசோட் அந்தக் காத்தாடிகளோட வரலாறு.

நம்ம நகரங்கள்ல இப்போ ஸ்மார்ட் மீட்டர், சென்சார், கன்ட்ரோல் ரூம்னு நிறைய பேச்சு இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எங்கேயோ இருக்கிற ஒரு கருவி தகவல் அனுப்புறதால மக்களுக்கு நல்ல சேவை கிடைச்சிடுமா? அதுக்கு இன்னும் என்னென்ன வேணும்? கயத்தாறு இந்தக் கேள்வியை நம்ம எல்லாருக்கும் முன்னாடியே சந்திச்ச ஊர்.

காத்து எப்படி வருது?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில வந்து மோதும். மழையில பெரும்பங்கு கேரளாவுக்கும் மலைக்கும் போயிடும். செங்கோட்டை, ஆரல்வாய்மொழி மாதிரியான கணவாய்கள் வழியா வேகம் எடுத்துக்கிட்டு, ஈரம் வத்திப்போன காத்து இந்தப் பக்கம் இறங்கும். மழையைப் பார்த்து வெள்ளாமை பண்ற கரிசல் சம்சாரிக்கு அந்தக் காத்தால பெரிசா லாபம் ஒண்ணும் கிடையாது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாங்க.

அந்தக் காத்தை எண்ணா மாத்தினவங்கள்ல முக்கியமானவர் அன்னா மணி. 1918-ல் பீருமேட்டில் பிறந்தவர். இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சுமார் 100 வகையான கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழி செய்தவர். 1976-ல் ஓய்வு பெற்ற பிறகு, நாட்டில் எங்கெங்கே எவ்வளவு காற்று அடிக்கிறது என்பதை அளக்கும் வேலையில் இறங்கினார். டி.ஏ. மூலேயுடன் சேர்ந்து அவர் தொகுத்த இந்தியக் காற்றுத் தரவு நூல் 1983-ல் வெளிவந்தது.

இந்த அளவு ஏன் முக்கியம்? காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அதுல இருக்கிற சக்தி எட்டு மடங்காகும். அதனால 'நல்ல காத்துங்க'ன்னு சொன்னா மட்டும் பத்தாது. எத்தனை மீட்டர் வேகம், எந்த மாசம், எந்த நேரம்னு தெரியணும். அந்தக் காலத்துல கம்பத்துல மாட்டின கருவி பதிஞ்சு வைக்கும், ஆள் போய் எடுத்துட்டு வரணும். இன்டர்நெட் எல்லாம் அப்புறம்தான்.

1986-ல் தூத்துக்குடி பக்கத்துல முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைப் பண்ணை வந்தது. அடுத்த சில வருஷத்துல டென்மார்க் அரசோட டானிடா உதவியில கயத்தாறில் 6 மெகாவாட், முப்பந்தலில் 4 மெகாவாட். பிறகு மத்திய அரசு சென்னையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையத்தை உருவாக்கி, அதோட சோதனை நிலையத்தைக் கயத்தாறில் வெச்சது. இன்னிக்கு அந்த மையத்துக்குப் பேரு தேசிய காற்று ஆற்றல் நிறுவனம். ஒரு புது காத்தாடி, கம்பெனி சொல்ற அளவுக்கு உண்மையிலேயே மின்சாரம் தருதான்னு இங்கே பார்ப்பாங்க. பக்கத்துலயே ஒரு உயரமான கம்பம், அதுல காத்து அளக்கிற கருவி. காத்தோட வேகத்தையும் வர்ற மின்சாரத்தையும் 10 நிமிஷ சராசரியா எடுத்து ஒப்பிடுவாங்க.

நட்டதுக்குப் பணம்

தொண்ணூறுகளில் தனியார் முதலீடு கொட்டியது. ஒரு முக்கியமான காரணம் வருமான வரி. காற்றாலை வாங்கினால் முதல் வருஷமே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. லாபத்தில் ஓடும் ஒரு கம்பெனிக்கு இது பெரிய விஷயம். காத்தாடி நேரத்துக்குள்ள நின்னா சரி. அது எவ்வளவு யூனிட் தருது, தகவல் ஒழுங்கா வருதா, லைன் தாங்குமா என்பதெல்லாம் அந்தச் சலுகைக்கு ஒரு பொருட்டே இல்லை.

நூற்பாலைகள் தங்களோட தேவைக்காகவும் இங்கே காத்தாடி நட்டன. ஒட்டுமொத்தத்தில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்துக்குப் போனது. இதைக் குறைச்சுச் சொல்ல முடியாது. ஆனா கருவி வளர்ந்த வேகத்துல, அதைச் சுத்தி இருக்க வேண்டிய ஏற்பாடு வளரல.

2009 டிசம்பரில் மத்திய அரசு வேறொரு வழியையும் திறந்தது. கிரிட்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை. வரிச்சலுகை வேணுமா, இது வேணுமா, ஒண்ணைத்தான் எடுத்துக்கலாம். நட்டதுக்குப் பணம் என்பதோட, ஓடினதுக்குப் பணம் என்பதும் சேர்ந்தது. சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனா இதுல மெஷினைப் பழுது பார்த்து ஓட்டிக்கிட்டே இருந்தாதான் வருமானம்.

2012: காத்தாடிக்குக் கீழே இருட்டு

அந்த வருஷத்தை ஞாபகம் இருக்கிறவங்க மறக்க மாட்டாங்க. சென்னையில தினமும் 2 மணி நேரம் கரண்ட் கட். மத்த மாவட்டங்கள்ல 10 மணி நேரத்துக்கும் மேல போன நாட்கள் உண்டு. கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், நூற்பாலை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க, எல்லாருமே மாட்டினாங்க. கண்ணுக்கு எட்டின தூரம் காத்தாடி நிக்குற ஊருக்கு இந்த நிலைமை.

இதுல இன்னொரு கொடுமையும் இருந்தது. காத்து நல்லா அடிக்கிற நேரத்துல, சில காத்தாடிகளை நிறுத்தச் சொன்னாங்க. ஏன்? கயத்தாறு பக்கம் உற்பத்தியாகிற அவ்வளவு மின்சாரத்தையும் வடக்கே கொண்டுபோக லைன் போதாது. உபரியை வெளி மாநிலத்துக்கு விக்கவும் வசதி குறைவு. தென்னிந்திய கிரிட் நாட்டோட மத்த பகுதிகளோட முழுசா இணைஞ்சதே 2013 டிசம்பர் 31-ல, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் மூலமாத்தான்.

அடுத்த காரணம், காத்து எப்போ வரும்னு யாருக்கும் முன்கூட்டியே சரியா தெரியாது. சென்னையில லோட் டெஸ்பாட்ச் சென்டர்னு ஒண்ணு இருக்கு. எந்த மின் நிலையம் எவ்வளவு தரணும்னு சொல்ற இடம் அது. அவங்களுக்கு ஒரு நாள்னா 15 நிமிஷம் வீதம் 96 துண்டு. அனல் மின் நிலையத்தை அணைச்சா திரும்பக் கிளப்பப் பல மணி நேரம் ஆகும். காத்து வரும்னு நம்பி அதை அணைச்சு, காத்து வரலைன்னா ஊர் இருட்டு. அதனால பாதுகாப்பா நிலக்கரியை ஓடவிட்டுட்டு, காத்தாடியை நிறுத்துறது சுலபம்.

2015-ஐ ஒட்டித்தான் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், ஸ்பெயினின் வோர்டெக்ஸ் நிறுவனத்தோடவும் காற்றாலை உரிமையாளர் சங்கத்தோடவும் சேர்ந்து, தமிழ்நாடு முழுமைக்கும் காற்று மின்சார முன்கணிப்பு தர ஆரம்பிச்சது. வானிலை மாதிரிகளோட, துணை மின் நிலையங்கள்ல இருந்து வர்ற உற்பத்தித் தகவலையும் சேர்த்தாதான் கணிப்பு பலிக்கும். கயத்தாறிலேயே 400 கேவி துணை மின் நிலையமும் வந்தது. கருவி அளக்கணும், அந்தத் தகவல் நேரத்துக்குப் போய்ச் சேரணும், அதை வெச்சு முடிவெடுக்க ஆள் இருக்கணும், முடிவை நிறைவேத்த லைன் இருக்கணும். நாலும் சேர்ந்த பிறகுதான் காத்தாடி உங்க வீட்டு ஃபேனுக்கு உருப்படியா உதவுச்சு.

இப்போ நம்ம ஊர்

2015 ஜூன் 25-ல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் தொடங்கியது. 100 நகரங்கள். கயத்தாறுக்கு ஒரு பக்கம் திருநெல்வேலி, இன்னொரு பக்கம் தூத்துக்குடி, ரெண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நடுவுல இருக்கிற கயத்தாறு பேரூராட்சி கிடையாது. 100 நகரங்களிலும் கன்ட்ரோல் சென்டர் வந்தது. திரை, கேமரா, சென்சார் எல்லாம் வந்தது. 2025 மார்ச்சோட திட்டத்தின் காலம் முடிந்தது. இனிமே அந்த சென்சாருக்கு சிம் ரீசார்ஜ் பண்றது யாரு? கெட்டுப்போனா மாத்துறது யாரு? தொட்டி நிரம்பி வழியுதுன்னு திரையில சிவப்பு விளக்கு எரிஞ்சா, ராத்திரி போய் வால்வை மூடுறது யாரு?

மின்சார மீட்டரையே எடுத்துக்குவோம். ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஈ.பி. ஆள் வந்து வெள்ளை அட்டையில ரீடிங் எழுதுறது நமக்குப் பழக்கம். சென்னை தி. நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வெச்சாங்க. அது ரீடிங்கைத் தானே அனுப்பும். கரண்ட் போனா நாம போன் பண்றதுக்கு முன்னாடியே ஆபீஸுக்குத் தகவல் போக வழி இருக்கு. ஆனா தகவல் போன பிறகு லைன்மேன் வரணும். அந்த இடம் காலியா இருந்தா, மீட்டர் நம்ம வீடு இருட்டா இருக்குன்னு துல்லியமா பதிஞ்சு வைக்கும், அவ்வளவுதான்.

ஒரு நல்ல அறிகுறியும் இருக்கு. 2021-ல் வந்த மத்திய அரசின் மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்துல, மீட்டர் மாட்டுற நிறுவனத்துக்கு மாசாமாசம் பணம், அதுவும் மீட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துத்தான். யூனிட்டுக்கு 50 பைசா கொடுத்த அதே யோசனை.

அதனால அடுத்த தடவை உங்க வார்டுல புதுசா ஒரு சென்சார் திறப்பு விழான்னு போஸ்டர் பார்த்தா, கவுன்சிலர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. இது வேலை செஞ்சாதான் பணமா, மாட்டினாலே பணமா? இது சொல்றதைக் கேட்டு ஓடி வர ஆள் போட்டிருக்கீங்களா? கயத்தாறு இதைக் கத்துக்க இருபது, முப்பது வருஷம் ஆச்சு. நமக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.