மருத்துவமனை ஆய்வு (இங்கிலாந்து)

நோயாளிகளுக்குக் கிடைக்கும் கவனிப்பை வெளியிலிருந்து ஓர் அமைப்பு வந்து பார்த்து, குறைகளை எடுத்துச் சொல்லி, திருத்தவும் வைக்கும் ஏற்பாடு. இங்கிலாந்தில் இதற்கு நீண்ட, தடுமாற்றம் மிகுந்த வரலாறு உண்டு.

தொடக்கம் மனநலக் காப்பகங்களில். லண்டன் தனியார் காப்பகங்களைப் பார்வையிட 1774-லேயே சட்டம் வந்தது. ஆனால் மோசமான காப்பகத்தின் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் அதில் இல்லை. 1845-இல் அமைந்த மனநோயாளர் ஆணையம் வேறு ரகம். சம்பளம் பெறும் ஆணையர்களாக மூன்று மருத்துவர்கள், மூன்று வழக்கறிஞர்கள். ஒரு மருத்துவரும் ஒரு வழக்கறிஞரும் இணையாகச் செல்வார்கள்; இரவானாலும் பகலானாலும் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழையலாம்; யாராவது கட்டிப்போடப்பட்டிருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு 1885-இல் இறக்கும்வரை இதன் தலைவராக இருந்தார். பிற்காலத்தில் வந்த பல ஆய்வு முறைகளைவிட இந்த முறையே கூர்மையானது எனலாம்.

1948-இல் தேசிய சுகாதார சேவை பிறந்தது. மனநோயையும் மற்ற நோய்களைப் போலவே நடத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் 1959-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆணையத்தின் வாரிசாக இருந்த வாரியம் அடுத்த ஆண்டே கலைந்தது. மருத்துவமனைகள் அரசுடையவை, அரசை யார் சோதிப்பது?

விடை சில ஆண்டுகளிலேயே செய்தித்தாளில் வந்தது. வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்த ஈலி மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள் அடிக்கப்படுவதாகவும் அவர்களுக்குரிய உணவு களவுபோவதாகவும் 1967-இல் ஓர் ஊழியர் அம்பலப்படுத்தினார். பின்னாளில் நிதியமைச்சரான ஜெஃப்ரி ஹவ் விசாரித்து அறிக்கை தந்தார். சுகாதாரத் துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மன் 1969-இல் அறிக்கையை முழுமையாக வெளியிட்டு, மருத்துவமனை ஆலோசனைச் சேவையைத் தொடங்கினார். நீண்டகால நோயாளிகள் தங்கும் மருத்துவமனைகளை அது பார்வையிட்டது. ஆனால் சொல்லத்தான் முடியும், செய்ய வைக்க முடியாது. பொது மருத்துவமனைகள் அதன் பார்வைக்கு வெளியே நின்றன.

அந்த இடைவெளியின் விலையைப் பிரிஸ்டல் நகர மருத்துவமனை காட்டியது. அங்கு குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சையில் மரணங்கள் மிகுவதை மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் 1990 முதலே எச்சரித்து வந்தார். இயன் கென்னடியின் விசாரணை 2001-இல் முடிந்தது. 1991 முதல் 1995 வரை, இதே சிகிச்சை நடக்கும் சராசரி மருத்துவமனையில் எதிர்பார்ப்பதைவிட ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தார்கள். தரத்தைக் கவனிப்பது யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை.

இதற்குள் 2000-இல் சுகாதார மேம்பாட்டு ஆணையம் வேலையைத் தொடங்கியிருந்தது. 2004-இல் அதன் இடத்தில் சுகாதார ஆணையம் வந்தது. 2009-இல் பராமரிப்புத் தர ஆணையம் வந்தது. பத்தாண்டுக்குள் மூன்று பெயர்ப்பலகை. நடுவில் 2005 வாக்கில், விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று மருத்துவமனைகளே எழுதித் தரும் முறை புகுந்தது. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவதுதான் இது.

ஸ்டாஃபர்ட் மருத்துவமனை இதில் நன்றாகவே தேறியது. செலவைக் குறைத்து, ஊழியர்களைக் குறைத்து, 2008 பிப்ரவரியில் தன்னாட்சித் தகுதியும் பெற்றது. அதே காலத்தில் அதன் அவசரப் பிரிவில், வரும் நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது என்பதை மருத்துவப் பயிற்சி இல்லாத வரவேற்பாளர்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். தாயைப் பறிகொடுத்த ஜூலி பெய்லி மற்ற குடும்பங்களைத் திரட்டினார். மரண விகிதம் அதிகமாக இருந்ததால் சுகாதார ஆணையமும் நேரில் இறங்கி விசாரித்து, 2009 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸின் பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு முடிந்தது.

அதன்பின் ஆய்வின் முகம் மாறியது. மரண விகிதம் கூடுதலாக இருந்த 14 மருத்துவமனை நிர்வாகங்களை புரூஸ் கீயோ குழு பார்த்தது. 11 நிர்வாகங்கள் சிறப்புக் கண்காணிப்பின் கீழ் வந்தன. புற்றுநோய் மருத்துவர் மைக் ரிச்சர்ட்ஸ் பராமரிப்புத் தர ஆணையத்தில் மருத்துவமனைகளின் முதல் தலைமை ஆய்வாளரானார். மருத்துவர், செவிலியர் மட்டுமின்றி, நோயாளிகளாக இருந்து அனுபவப்பட்டவர்களும் குழுவில் சேர்ந்தார்கள். பாதுகாப்பு, பலன், பரிவு, தேவைக்கேற்ற சேவை, தலைமை ஆகிய ஐந்தையும் பார்த்து, ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரை நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தத் தரத்தை மருத்துவமனை கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். சிகிச்சையில் தவறு நேர்ந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்லும் கடமை 2014-லேயே வந்துவிட்டது.

பலன் கிடைத்ததா? கிங்ஸ் ஃபண்டும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தரப்பட்டியலால் அளவிடக்கூடிய மாற்றம் சிறியதே. ஆய்வாளருக்கும் மருத்துவமனைக்கும் இடையிலான உறவு நன்றாக இருந்த இடங்களில்தான் வேலை நடந்தது. ஆய்வுக்கு முன்பே குறைகளைச் சரிசெய்துகொள்ளும் போக்கும் தெரிந்தது. அதையும் பலன் என்றே கொள்ள வேண்டும்.

கோவிட் காலத்துக்குப் பின் பராமரிப்புத் தர ஆணையமே சறுக்கியது. துறை வல்லுநர் குழுக்களைக் கலைத்து, எல்லாருக்கும் ஒரே மதிப்பீட்டுச் சட்டகத்தைக் கொண்டுவந்திருந்தது. பென்னி டாஷ் 2024-இல் ஆணையத்தை ஆராய்ந்தபோது, மருத்துவமனைக்குள் கால் வைத்திராத மருத்துவமனை ஆய்வாளர்களும் இருந்தது தெரிந்தது. ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களுக்குத் தரமே வழங்கப்படவில்லை. ஆணையம் தன் வேலைக்குத் தகுதியாக இல்லை என்று சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் அறிவித்தார். அந்தந்தத் துறை அறிந்தவர்களை ஆய்வுக்குத் திரும்பக் கொண்டுவருவது டாஷ் அறிக்கையின் முக்கியப் பரிந்துரைகளுள் ஒன்று.