மெடிக்கெய்ட் திட்டத்தில் உறைவிடப் பராமரிப்புக் கட்டண மதிப்பீடு: ஒரு வரலாற்று நோக்கு (1965–2015)

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவிலியர் இல்லங்களில் தங்கியிருப்போருள் ஏறத்தாழப் பத்தில் அறுவருடைய பராமரிப்புச் செலவை மெடிக்கெய்ட் திட்டம் ஏற்கிறது. மைய அரசும் மாநில அரசுகளும் இணைந்து நிதியளிக்கும் இத்திட்டத்தில், ஓர் இல்லவாசிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்னும் கட்டணத்தை மாநிலமே வரையறுக்கிறது. இல்லத்தில் எத்தனை பணியாளர்களை அமர்த்த இயலும், அவர்களுக்கு என்ன ஊதியம் தர இயலும் என்பன பெரிதும் அத்தொகையைச் சார்ந்தவை. அத்தொகை எவ்வாறு மதிப்பிடப்பட்டது என்பதையும், அம்மதிப்பீட்டைக் கேள்விக்கு உட்படுத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றப் பின்னணி

1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வறிய முதியோருக்கு உதவித்தொகை வழங்க வழிவகுத்தது. ஆயினும் அரசு நிறுவனங்களில் தங்கியிருந்தோருக்கு அதனை மறுத்தது. இதன் விளைவாக, உதவித்தொகையையே கட்டணமாகப் பெற்று முதியோரைப் பேணும் தனியார் இல்லங்கள் பெருகின. 1950ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவப் பராமரிப்பு அளிப்போருக்கே அரசு நேரடியாகப் பணம் செலுத்த இடமளித்தது. 1965 ஜூலை 30 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தின்வழி மெடிக்கெய்ட் தோன்றியபோது, தனியார் இல்லங்களுக்கு அரசு பணம் தரும் வழக்கம் முன்னரே வேரூன்றியிருந்தது. கட்டணத்தைக் கணிக்கும் முறை மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. சில மாநிலங்கள் எல்லா இல்லங்களுக்கும் ஒரே தொகையை வழங்கின.

செலவே அளவுகோல்

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 249ஆம் பிரிவு இந்நிலையை மாற்ற முனைந்தது. நியாயமான செலவோடு தொடர்புடைய அடிப்படையிலேயே கட்டணம் அமைய வேண்டும் என்றும், 1976 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்றும் அப்பிரிவு விதித்தது. இதனால் இல்லங்கள் அளிக்கும் ஆண்டுச் செலவறிக்கைகள் மதிப்பீட்டின் மூலச் சான்றுகளாயின.

மாநிலத்திற்கு மாநிலம் வேறுபாடுகள் இருப்பினும், மதிப்பீட்டின் பொதுப்போக்கு ஒன்றே. ஓர் ஆண்டு அடிப்படை ஆண்டாகக் கொள்ளப்படும். செலவுகள் நேரடிப் பராமரிப்பு, துணைப்பணிகள், நிருவாகம், கட்டடமும் முதலீடும் எனப் பகுக்கப்படும். ஒவ்வொரு பகுதியின் செலவும் இல்லவாசிகள் தங்கிய மொத்த நாள்களால் வகுக்கப்பட்டு, இல்லங்களின் இடைநிலை மதிப்பை ஒட்டி உச்சவரம்பு இடப்படும். கிடைக்கும் தொகை விலைவாசிக் குறியீட்டால் நடப்பாண்டுக்கு உயர்த்தப்படும். எந்த ஆண்டை அடிப்படையாக்குவது, வரம்பை எங்கே இடுவது என்பன கணக்கியல் நுட்பங்களாகத் தோன்றினும், உண்மையில் அவை நிதிநிலை முடிவுகளே.

போரன் திருத்தமும் வழக்குகளும்

1980ஆம் ஆண்டில், ஒக்லஹோமா மாநில செனட்டர் டேவிட் போரன் பெயரால் அறியப்படும் திருத்தம் நிறைவேறியது. திறமையாகவும் சிக்கனமாகவும் நடத்தப்படும் இல்லம் தவிர்க்கவியலாது செய்யும் செலவுக்குக் கட்டணம் ஈடாக வேண்டும் என்பதே அதன் சாரம். மாநிலங்களுக்கு நெகிழ்வளிக்க எழுந்த இத்திருத்தமே பின்னர் அவற்றைக் கட்டுப்படுத்தும் கருவியாயிற்று. 1990ஆம் ஆண்டில் வைல்டர் வழக்கில், பராமரிப்பு அளிப்போர் இத்திருத்தத்தின்கீழ் மாநிலத்தின்மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் இதனை எதிர்த்தன. 1997ஆம் ஆண்டின் சமநிலை நிதிநிலைச் சட்டம் போரன் திருத்தத்தை நீக்கியது. உத்தேசக் கட்டணத்தையும் கணிப்புமுறையையும் வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டல் என்னும் நடைமுறை மட்டுமே அதனிடத்தில் வந்தது.

செவிலியர் இல்லத்திற்கு அப்பால்

1981 முதல், விலக்களிப்புத் திட்டங்களின்கீழ் சமூகச் சூழலில் அமைந்த உறைவிடங்களிலும் பராமரிப்பு வழங்கப்பட்டது. செவிலியர் இல்லங்களைப் போலன்றி, இங்கு உணவையும் தங்குமிடத்தையும் மெடிக்கெய்ட் பொதுவாக ஏற்பதில்லை. ஆதலின் ஒரே கூரையின்கீழ் வாழ்விடச் செலவையும் பராமரிப்புச் செலவையும் பிரித்துக் கணிக்க வேண்டியதாயிற்று.

ஐடஹோ மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உறைவிட ஆதரவு அளித்தோர், கட்டணம் 2006ஆம் ஆண்டு நிலையிலேயே நின்றதாக வழக்குத் தொடுத்தனர். கட்டணத்தை உயர்த்தப் பரிந்துரைத்த ஆய்வுகள் இருந்தும் மாநிலம் உயர்த்தவில்லை. 2015இல் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு அளிப்போர் இவ்வாறு வழக்காட இயலாது என 5–4 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மதிப்பீடு சரியா என்னும் வினாவுக்குள் அத்தீர்ப்பு செல்லவில்லை. அவ்வினாவை எழுப்பும் தகுதியையே அது வரையறுத்தது.

முடிவுரை

செலவறிக்கைவழி மதிப்பீட்டில் ஒரு சுழற்சி உறைந்துள்ளது. கட்டணம் குறைந்த இடத்தில் ஊதியம் குறைகிறது. குறைந்த ஊதியமே அடுத்த செலவறிக்கையில் ‘செலவு’ எனப் பதிவாகிறது. அச்செலவே அடுத்த கட்டணத்திற்குச் சான்றாகிறது. செய்யப்பட்ட செலவைக் காட்டும் அறிக்கை, செய்திருக்க வேண்டிய செலவைக் காட்டுவதில்லை. போரன் திருத்தம் நீதிமன்றத்தின்வழி இச்சுழற்சியை உடைக்க ஒரு வாயிலைத் திறந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டமும் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதனை அடைத்தன. எனவே, கட்டணம் போதுமானதா என்னும் வினா கணக்காளரிடமோ நீதிபதியிடமோ முடிவதில்லை. நிதி ஒதுக்கும் சட்டமன்றத்திடமும் மாநிலத் திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் மைய அரசிடமுமே அது மீள்கிறது.